ஆட்டுரல் சத்தம்

அம்மா இறந்த மூன்றாம் நாள் சாயங்காலம், துட்டி கேட்க வந்த பெண்கள் சிரித்தார்கள். முதலில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் தட்டி, 'சும்மா கெட' என்றாள். அப்புறம் அவளுக்கும் அடக்க முடியவில்லை. சற்று நேரத்தில் பட்டாசாலை முழுவதும் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தைப் பற்றியது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022 ஐப்பசியில் அவள் போனாள். 84 வயது. திருநெல்வேலி சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் போகிற பாதையில், ஒரு வளவில்தான் அவளுடைய கல்யாண வாழ்க்கை முழுவதும் கழிந்தது. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஏழு வீடுகள், நடுவில் முற்றம், கோடியில் கிணறு, கிணற்றடியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு ஆட்டுரல். இப்போது அங்கே மிஞ்சியிருப்பவை இரண்டு வீடுகள்தாம். மற்றவர்கள் மகாராஜநகர், பெருமாள்புரம், மேலப்பாளையம் என்று சிதறிவிட்டார்கள். அங்கிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள். வந்தவர்களுக்கு அழுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வழக்கப்படி வாசலிலேயே ஒரு குரல் அழுது, உள்ளே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு இன்னொரு குரல் அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்: 'அத்தை ஒரு நாள் என்ன செஞ்சாங்க தெரியுமா?'

அவர்கள் சொன்ன அத்தையை எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த அம்மா 33 வயதில் புருஷனை இழந்தவள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். 1971இல் ஒரு நாள் மத்தியானம் கடைத் திண்ணையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்குப் பிறகு அம்மா அப்பளம் இட்டாள், கைமுறுக்குச் சுற்றினாள், கல்யாண வீடுகளுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தாள். நான் படித்தது அந்தக் காசில். இந்த அம்மாவைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். 1979இல், எனக்கு 22 வயதாகும்போது, 300 பிரதிகளுக்கு மேல் அச்சாகாத ஒரு பத்திரிகையில் என் முதல் கவிதை வந்தது. மத்தியான வெயிலில் வீட்டுக்குள் படுத்திருக்கும் மகன் ஆட்டுரல் சத்தத்தைக் கேட்கிறான். அரைபடுவது அரிசியல்ல, ஒரு பெண்ணின் வருஷங்கள் என்று அவனுக்குப் படுகிறது. நடுவில் சத்தம் திடீரென்று வேகமெடுக்கிறது. அந்த வேகத்தை நான் கோபம் என்று எழுதியிருந்தேன். சென்னையிலிருந்து முகம் தெரியாத ஒருவர், கவிதை தாங்கொணாதபடி இருக்கிறது என்று கார்டு போட்டிருந்தார். பிறகு இரண்டு தொகுப்புகளில் அதைச் சேர்த்தார்கள். என் பேரைச் சொன்னால் சிலருக்கு அந்த ஆட்டுரல்தான் ஞாபகம் வரும். வேறு எதுவும் வராது என்பது வேறு விஷயம்.

காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலில் தாயின் சாவில் அழாததற்காக மகன் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வளவில் அப்படி நேர்ந்துவிடாது. அழாதவனுக்குப் பதிலாக அழ நாலு பேர் உண்டு. அந்த நாலு பேரில் முதல் ஆள் அம்மா என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். சுற்று வட்டாரத்தில் எந்தத் துட்டி வீட்டிலும் வாக்குச் சொல்லி அழ அவளைத்தான் கூப்பிடுவார்களாம். வட்டிக்குக் கொடுத்து வாங்கிய ஒருவர் இறந்தபோது, அவருடைய சிறப்புகளை வரிசையாகச் சொல்லி அழுதுகொண்டே வந்து, யார் யாருக்கு எத்தனை வட்டிக்குக் கொடுத்தார் என்பதையும் அதே ராகத்தில் சேர்த்துவிட்டாளாம். கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த பெண்களின் முதுகு குலுங்கியது. வெளியே இருந்த ஆண்கள், பாவம், எவ்வளவு துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இதைச் சொன்ன கிழவி சொல்லும்போதே அதே மாதிரி குலுங்கினாள்.

'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்த படம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லிப் பயமுறுத்துகிற இடம் எல்லோருக்கும் தெரியும். அம்மா இரண்டு பேராகவும் செய்வாளாம். துண்டைத் தோளில் போட்டால் பாலையா, எடுத்தால் நாகேஷ். கதவு திறக்கிற சத்தத்துக்குக் கிணற்று உருளையைப் பயன்படுத்தினாளாம். அப்பா இருந்த காலத்தில் மட்டும் அல்ல; அப்பா போய் ஒரு வருஷம் கழித்து, வளவில் ஒரு பெண்ணுக்குச் சீமந்தம் முடிந்த இரவில், எல்லோரும் கேட்டுக் கேட்டுச் செய்யவைத்தார்களாம். எனக்கு அப்போது 15 வயது. அந்த இரவில் நான் எங்கே இருந்தேன்? தெருவிளக்கடியில் புத்தகம் வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

1992 நவம்பரில் தாமிரபரணி கரை மீறி வந்த இரவையும் சொன்னார்கள். வளவுக்குள் இடுப்பளவு தண்ணீர். தெருவில் மாடி உள்ள ஒரே வீட்டில் நாற்பது பேர் ஏறி நின்றார்கள். விளக்கு இல்லை. குழந்தைகள் அழுதன. வீட்டுக்காரர் கை இறுக்கமானவர். அடுப்புப் பற்றவைக்கிற யோசனை அவருக்கு வரவில்லை. அம்மா கரித்துண்டால் தரையில் தாயக்கட்டம் போட்டாள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிக்கொண்டாள். வீட்டுக்காரரையே எதிராளியாக உட்காரவைத்து, தோற்றால் நாற்பது பேருக்கும் காப்பி என்று பந்தயம். அவர் தோற்றார். எப்படித் தோற்றார் என்பதற்கு மூன்று பேர் மூன்று விளக்கம் சொன்னார்கள். மூன்றிலும் அம்மா திருட்டாட்டம் ஆடினாள். நான் அப்போது சென்னையில் உத்தியோகத்தில் இருந்தேன். டெலிபோன் கிடைக்காமல் மூன்று நாள் தவித்தேன். இருட்டில், தண்ணீரில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிற சித்திரம் மனசில் வந்து வந்து போயிற்று. அதையும் எழுதினேன். அச்சில் இருக்கிறது.

எல்லாவற்றையும் நம்பிவிடவில்லை. ரிட்டயரான ஒரு கண்டக்டர் அண்ணாச்சி, குற்றாலத்துச் சாரலில் அம்மா பஸ்ஸை நிறுத்தி முழு பஸ்ஸையும் பாட்டுப் பாடவைத்த கதையைச் சொன்னார். அவர் போன பிறகு அக்கா, 'அது அம்மா இல்ல, மூணாவது வீட்டு அத்தை' என்றாள். வேடிக்கையானவள் என்று ஒருத்திக்குப் பேர் வந்துவிட்டால் ஊரில் நடந்த வேடிக்கையெல்லாம் அவள் கணக்கில் சேர்ந்துவிடும் போலும். அவர்களும் ஒரு கதாபாத்திரத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் நாற்பது வருஷம் செய்ததை அவர்கள் பத்து நாளில் செய்தார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கோபம் தணியவில்லை.

அந்தப் பத்து நாளில் இரவுகளில் புறநானூற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கையறுநிலைப் பாட்டுகள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாக உள்ள 235ஆம் பாட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அதில் கள் வருகிறது, சோறு வருகிறது, எலும்போடு சேர்ந்த இறைச்சி வருகிறது, புலால் நாறும் தலையை அவன் மணக்கிற கையால் தடவிக்கொடுத்தது வருகிறது. அழுகிறவள் அவனோடு சேர்ந்து குடித்தவள், தின்றவள். பிறகு பட்டினத்தார் பெயரில் வழங்கும், தாய்க்குத் தீ மூட்டுகிற பாடல்களையும் எடுத்துப் பார்த்தேன். பத்து மாதம் சுமந்தது, பால் கொடுத்தது, தூக்கிச் சுமந்தது. எவ்வளவு பெரிய பாடல்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெருப்பு அவற்றில் உண்மையாகவே எரிகிறது. ஆனால் அந்தத் தாய் எதற்குச் சிரிப்பாள், யாரைக் கண்டால் கேலி செய்வாள் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. எல்லாமே மகனுக்கு அவள் செய்தவை. மகன் கடன் கணக்குப் பார்க்கிறான். கணக்கு எழுதியவரின் மகனான நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். நமது புதுக்கவிதை மரபை உடைத்தது என்று எவ்வளவோ பேசினோம். அம்மா விஷயத்தில் எதை உடைத்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். அவளை யாப்பிலிருந்து விடுவித்து அப்படியே அடுப்படியில் உட்காரவைத்துவிட்டோம்.

இதுவரை ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

கவிதை வந்த அதே 1979இல், ஒரு மாலை நான் வளவுக்குள் நுழைந்தபோது கிணற்றடியில் பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். அம்மா என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் கையில் அந்தப் பத்திரிகை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஆகாயத்தைப் பார்த்து, என் குரலில் என் கவிதையை வாசித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியாகத்தான் அம்மா திரும்பினாள்.

பதினெட்டு நாள் அவளோடு பேசவில்லை. குருக்ஷேத்திரமே அவ்வளவு நாள்தான் நடந்தது. சாப்பாட்டுத் தட்டை அக்கா கொண்டுவந்து வைப்பாள். பத்தொன்பதாம் நாள் அம்மா, 'காப்பி ஆறுது' என்றாள், நான் எடுத்துக் குடித்தேன், அதோடு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் முன்னால் அவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு மாறும். வயசாகிவிட்டது, அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவளுக்கு 41.

பதினோராம் நாள் எதிர்வீட்டு மதினி வந்தாள். 1976இல் வளவுக்குக் கல்யாணமாகி வந்தவள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். அம்மாவிடம் மாவு ஆட்டப் பழகியவள். அவளிடம்தான் கேட்டேன், மத்தியானங்களில் உரலடியில் என்ன பேசுவீர்கள் என்று. மதினி அக்காவைப் பார்த்தாள். அக்கா, 'சொல்லுங்க, அவனுக்கும் வயசாச்சு' என்றாள்.

'அதெல்லாம் சொல்லுத மாதிரியா தம்பி இருக்கும்? கல்யாணமான பொம்பளைங்க பேசுத பேச்சு. உரல் சத்தத்துல வெளிய கேக்காதுல்லா. அதான் அங்க வச்சுச் சொல்லுவாங்க. நீங்க உள்ள படுத்திருப்பீங்க. கதை மோசமான எடத்துக்கு வந்துட்டுன்னா, "ஏட்டி, வெரசா ஆட்டுங்கட்டி, பையன் முழிச்சுக் கெடக்கான்" னுவாங்க. நாங்க சிரிச்சுக்கிட்டே போட்டு ஆட்டுவோம்.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் கவிதையைப் படித்தவள்தான்.

'சும்மா அவ சிரிச்சுக்கிட்டே இருந்தான்னு நெனச்சுக்காத' என்றாள் மதினி போன வேகத்தில் காப்பி எடுக்க உள்ளே போனதும். 'தோட்டை மூணு தடவை அடகு வச்சா. மூணாம் தடவை மூழ்கிப்போச்சு. ஓலையைச் சுருட்டிக் காதுல போட்டுக்கிட்டு இதுதான் இப்ப நாகரிகம்னா. உனக்குத் தெரியுமா?'

தெரியாது. வேப்பங்குச்சியும் ஓலையுமாக அவள் காது இருந்தது நினைவில் இருக்கிறது. அதை நான் கவனித்திருக்கிறேன், விதவைக்கு அப்படித்தான் என்று வைத்திருந்தேன். கவிதையில்கூட வரவில்லை.

'உனக்கு ரெண்டுமே தெரியாது' என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மதினி காப்பியோடு திரும்பி வந்தபோது, அம்மா என்னை மாதிரி நடிப்பது பிறகும் நடந்ததா என்று கேட்டேன். மதினி தரையைப் பார்த்தாள். நான் சென்னைக்குப் போன பிறகு, பொங்கலுக்குப் பொங்கல், யாராவது கேட்டால், என்று இழுத்தாள். வளவை விட்டு எல்லோரும் போன பிறகும், போன வருஷம்கூட, மகாராஜநகரில் அவள் பேத்திக்குச் சடங்கு நடந்தபோது செய்தாளாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட நான் இன்னார் என்று தெரியாவிட்டாலும், 'கவிதை மாமா' என்றால் தெரியுமாம்.

'செய்யுங்க மதினி' என்றேன்.

'நல்லாருக்கு. துட்டி வீட்டுல.'

'செய்யுங்க.'

அவள் அக்காவைப் பார்த்தாள். பக்கத்தில் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அச்சடித்த கார்டுகள் கட்டாக இருந்தன. அதில் ஒன்றை உருவினாள். கழுத்தைச் சாய்த்தாள். இல்லாத கண்ணாடியை ஏற்றினாள். கார்டைத் தூரத்தில் பிடித்து, எங்கள் தாயார் அவர்கள், என்று வாசித்து, கூரையைப் பார்த்து, வெகு நேரம் நிறுத்தி, மறுபடியும், எங்கள் தாயார் அவர்கள், என்றாள். என் குரல்தான். முதல் வரியை இரண்டு தடவை வாசிக்கிற என் பழக்கம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தபோது மதினி கீழுதட்டின் இடது ஓரத்தைப் பல்லால் பிடித்துக்கொண்டாள்.

அது என்னுடையது அல்ல. மதினியுடையதும் அல்ல. சிரிப்பை அடக்க அப்படிப் பிடித்துக்கொள்வது அம்மா. என் வேஷத்தோடு சேர்த்து அதையும் கற்றுக்கொண்டிருக்கிறாள், தெரியாமலே.

'இன்னொரு தடவை' என்றேன்.

இன்னொரு தடவை செய்தாள். பிறகு கார்டைக் கட்டில் செருகிவிட்டு, காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.