திரும்பி வருவதற்கு மட்டும் ஒரு சுரங்கம்

ஜப்பானிய எழுத்தாளர் கவாபாட்டா யசுனாரியின் ‘பனி நாடு’ நாவலைப் படித்தவர்களுக்கு அதன் தொடக்கம் மறக்காது. டோக்கியோ பக்கமிருந்து வரும் ரயில் ஒரு நீண்ட சுரங்கத்தைக் கடந்து பனி மூடிய நிலத்துக்குள் நுழைகிறது. ஒரு சிறிய சிக்னல் நிலையத்தில் நிற்கிறது. அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. ரயிலும் ஓடுகிறது. ஆனால் அதன் வழியாகப் பனி நாட்டுக்குள் யாரும் போக முடியாது. அங்கிருந்து வெளியே வரத்தான் முடியும்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தச் சுரங்கம் கடக்கும் மலை என்னை விடவில்லை. ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் கையில் கிடைத்த விடுமுறையையெல்லாம் நான் பாசஞ்சர் ரயிலில் கழித்தேன். அதற்கென்றே ‘செய்ஷுன் 18’ என்று ஒரு டிக்கெட் உண்டு. 1982-இல் தொடங்கியது. வசந்தம், கோடை, குளிர்காலம் என்று மாணவர்களின் மூன்று விடுமுறைகளையும் ஒட்டி விற்பார்கள். பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. நாடு முழுவதும் ஜேஆரின் சாதாரண ரயில்கள் எதில் வேண்டுமானாலும் நாள் முழுக்க ஏறி இறங்கலாம்; ஷின்கான்சென் வேக ரயிலிலோ எக்ஸ்பிரஸ் ரயில்களிலோ ஏற முடியாது. அதே 1982 நவம்பரில்தான் இந்த மலைத்தொடரை வேறொரு சுரங்கத்தால் துளைத்துக்கொண்டு ஷின்கான்சென் நீகாட்டா வரை ஓடத் தொடங்கியது. அதில் ஏறினால் டோக்கியோவிலிருந்து பனி நாட்டின் யுசாவாவுக்கு ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பாசஞ்சரில் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளுக்காகத்தான் நான் போனேன்.

நாவலில் வரும் சுரங்கத்தின் பெயர் ஷிமிசு. நீளம் 9,702 மீட்டர். 1931-இல் திறந்தார்கள். அதுவரை டோக்கியோவிலிருந்து நீகாட்டா போகிறவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். பழைய நாவல் என்றதும் நம் மனம் ரயிலுக்குப் புகையைச் சேர்த்துவிடும். ஆனால் இந்தப் பகுதியில் திறந்த நாளிலிருந்தே மின்சார இஞ்சின்தான் இழுத்தது. இவ்வளவு நீளமான சுரங்கத்துக்குள் கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும். நாவலின் பேரழகான காட்சி ரயில் சன்னலில்தான் பிறக்கிறது. மாலை வேளை. நாவலின் நாயகன் ஷிமாமுரா தன் பக்கத்துச் சன்னலின் ஆவியைத் துடைக்கிறான். எதிர் வரிசையில் இருக்கும் இளம்பெண்ணின் முகம் கண்ணாடியில் தெரிகிறது. அதன் ஊடாக மலையும் அந்தியும் ஓடுகின்றன. தொலைவில் எரியும் ஒரு விளக்கு அவள் கண்ணின் மேல் வந்து படிகிறது. ரயில் ஏறிய எல்லோரும் கண்டிருக்கிற ஒன்றிலிருந்து முழு நாவலையும் எழுப்பியிருக்கிறார் அந்த மனிதர்.

கவாபாட்டா 1934-இல் யுசாவாவின் வெந்நீர் ஊற்று விடுதிக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகள் வந்து போய்க்கொண்டிருந்தார். புத்தகத்தில் ஊர்ப் பெயரை எங்கும் எழுதவில்லை. ஆனாலும் ஊருக்குத் தெரியும். அவர் தங்கிய அறையை அந்த விடுதி இன்னும் பாதுகாத்து வருகிறது.

1967-இல் தண்டவாளத்தை இரட்டையாக்க, பக்கத்திலேயே 13 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள புதுச் சுரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். டோக்கியோவை விட்டுப் போகும் ரயில்களுக்குப் புதியது, திரும்பி வருகிறவற்றுக்குப் பழையது என்று பிரித்தார்கள். ஷிமாமுரா போன வழி அன்றோடு அடைபட்டது.

இந்தப் பிரிவினையை உடம்பால் உணர வேண்டுமென்றால் டோவாய் நிலையத்தில் இறங்க வேண்டும். போகிற ரயிலின் நடைமேடை புதுச் சுரங்கத்துக்குள், மலையின் வயிற்றில் இருக்கிறது. வருகிற ரயிலின் நடைமேடை மேலே வெயிலில் இருக்கிறது. கீழிருந்து ஒரே நேர்கோட்டில் 462 படிகள், அதைத் தாண்டி இன்னும் 24. பக்கத்தில் நகரும் படிக்கட்டுக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். அது வரவே இல்லை. கோடையிலும் அங்கே குளிரும். மேலே தனிகாவா மலைக்குப் போகிறவர்கள் முதுகில் மூட்டையோடு ஒரு சொல்லும் பேசாமல் ஏறுவார்கள். நிலையத்தில் ஊழியர் யாரும் கிடையாது.

ஒரு குளிர்கால விடுமுறையில் யுசாவாவிலிருந்து திரும்பும்போது எதிரே ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மடியில் ஒரு துணி மூட்டை. வெளியே சாலையின் நடுவில் பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தன. அந்த நீரின் இரும்பு ஏறிச் சாலை முழுக்கச் செம்மண் நிறம். தகாசாகியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். “பேரப்பிள்ளைகளைப் பார்க்கவா பாட்டி?” என்றேன். “அதுவும்தான்” என்றவர் மூட்டையைத் தட்டிக் காட்டினார். “அங்கே போர்வை காயும்.”

அந்தப் பதிலில் ஒரு நாட்டின் புவியியலே இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இந்த மலைத்தொடரில் மோதுகிறது. சுமந்து வந்ததையெல்லாம் யுசாவா பக்கம் பனியாகக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகத் தகாசாகிச் சமவெளிக்கு இறங்குகிறது. ஒரு பக்கம் கூரையில் ஏறிப் பனியை வெட்டித் தள்ளுகிறார்கள். மறுபக்கம் மாடியில் போர்வை உலர்த்துகிறார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிறவர்கள் பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து ஆரியங்காவில் வெளியே வரும்போது காணும் மாற்றம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

சுச்சிதாரு வந்தது. நாவலில் ரயில் நின்ற சிக்னல் நிலையம் அதுதான். அடுத்து ஷிமிசு. கதவை ஒட்டிய கண்ணாடி முழுக்க ஆவி. பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். சுரங்கத்தைத் தாண்டியதும் பனி நின்றுவிடவில்லை. டோவாயில் அது ஆள் உயரம். அங்கிருந்து ரயில் மலைக்குள் ஒரு வட்டமடித்து இறங்குகிறது. சற்று முன் பள்ளத்தில் கண்ட யுபிசோ நிலையத்தில் பிறகு போய் நிற்கிறது. மினாகாமியில் வண்டி மாறினோம். நுமாதாவில் வெள்ளை வயல் வரப்புகளில் மட்டும் ஒதுங்கியிருந்தது. ஷிபுகாவாவில் அதுவும் இல்லை. தகாசாகியில் கண் கூசும் நீல வானம். பாட்டி பூட்ஸைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் படிப்படியான மாற்றம் வேக ரயிலில் இருப்பவருக்குக் கிடைக்காது. அவர் மலைக்கு அடியில் இருப்பார்.

முன்பெல்லாம் 18 டிக்கெட்டை விட்டு விட்டு, பிடித்த நாட்களில் பயன்படுத்தலாம். பலர் சேர்ந்து ஒன்றைப் பகிரலாம். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்களுக்கு, ஒருவருக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். அப்போது மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050. எனக்கு இதில் வருத்தம்தான். விடுமுறையைச் சில்லறையாகச் செலவழிக்கும் சுகம் போய்விட்டது. ஆனாலும் டிக்கெட் இருக்கிறது, மலையும் இருக்கிறது.

ஜப்பானில் படிக்கிற, வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த குளிர்கால விடுமுறையில் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். போகும்போது டோவாயில் இறங்கிப் படியேறுங்கள். வரும்போது பழைய சுரங்கத்தின் வழியே வாருங்கள். மினாகாமிக்கு வடக்கே ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.