கழுத்தில் இருக்கிறது துக்கம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கும் துருப்பிடித்த சைக்கிள் செயினையும் ஸ்பேனரையும் அழுகிற மனுஷனாக்கிவிடும் வெல்டர் ஒருவர் தாம்பரம் பக்கம் இருக்கிறார் என்று ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் சொன்னார். கூட்டியும் போனார்.

தகரக் கூரை போட்ட பட்டறை. ஜன்னல் கிரில்களுக்கு நடுவே ஓர் உருவம் மண்டியிட்டிருந்தது. விலா எலும்புக்குச் செயின், முட்டிக்கு பேரிங், விரலுக்கு ஸ்பேனர். தலை வெறும் பல்சக்கரம்.

“முகமே இல்லையேண்ணே?”

“முகத்துல என்ன சார் இருக்கு? கழுத்தப் பாருங்க.”

தலையை அவர் எடுத்தவுடன் முழுசாகப் பற்றவைப்பதில்லை. முதலில் ஒரு பொட்டு. ‘டேக்’ வைப்பது என்கிறார். பிறகு பின்னால் தள்ளி நின்று பார்க்கிறார். சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. தலை குனிந்தால் வெட்கம், சற்றே பக்கவாட்டில் சாய்ந்தால் துக்கம், நிமிர்ந்தால் அதே உருவம் யாரிடமோ நியாயம் கேட்கிறது. மனசுக்குப் பிடித்ததும் முழு வெல்டு. ஆனால் உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி, வெல்டு வைத்த பக்கம் தலையை இழுத்துவிடும். அதனால் வேண்டிய சாய்வைவிடக் கொஞ்சம் குறைத்தே டேக் வைக்கிறார்.

“சோகத்தக் கொஞ்சம் கம்மியா வெக்கணும் சார். மிச்சத்த இரும்பே பாத்துக்கும்.”

எல்லாப் பொருளும் இதற்கு ஆகாது. பிஸ்டன் அலுமினியம், இரும்புக்கான வெல்டிங் ராடில் பிடிக்காது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை ஏறி ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

பழைய இரும்பு சிற்பமாவது புதிதல்ல. சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து 1942இல் பிக்காசோ காளைத் தலை செய்தார். நம் பக்கத்தில், கோயில் கவசத் தகட்டு வேலையிலிருந்து தன் சிற்ப மொழியை எடுத்தவர் பி.வி. ஜானகிராம், உலோகத்தைப் பற்றவைத்தே பெயர் பெற்றவர் எஸ். நந்தகோபால். இருவரும் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலக் கலைக் கிராமத்துக்காரர்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் அதை உருவாக்கிய கலைஞர்கள், பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்றுத் தங்கள் காலில் நின்றார்கள்.

இந்த வெல்டருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு நாள் கூலி. பழைய இரும்பை எடை போட்டு வாங்கிக் கொடுக்கும் தரகர், அது சிலையாகி வெளியே போகும்போது மட்டும் தராசை மறந்துவிடுகிறார். ஓட்டல் வரவேற்பறையில் அது நிற்கும். கீழே பித்தளைத் தகட்டில், சிலைக்குத் தாளில் படம் வரைந்து கொடுத்தவர் பெயர் இருக்கும். வரைந்தவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் கழுத்தின் சாய்வு கிடையாது. அதைத் தீர்மானித்தவர் பட்டறையில் இருக்கிறார்.

நம் சினிமாவில் உதவியாளர்கள் பெயரும் டைட்டிலில் வருகிறது. பித்தளைத் தகட்டில் இன்னொரு வரிக்கு இடம் இல்லையா? பெயரைப் போடுங்கள், விலையில் பங்கும் கொடுங்கள்.