சண்டை வந்ததுண்டா?

கூட வேலை செய்பவரோடு மனஸ்தாபம் வந்தபோது என்ன செய்தீர்கள்? ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்? மும்பை முலுண்டில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குப் போகுமுன் இந்த இரண்டுக்கும் பதில் உருப்போடுகிறார்கள். முதல் கேள்விக்கு ‘ஸ்டார்’ என்றொரு சூத்திரம்: சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு. மாட்டுங்காவில் வந்து தங்கி வேலை தேடிய முந்தைய தலைமுறைக்கோ டிக்டேஷன் கொடுத்தார்கள். பிட்மன் சுருக்கெழுத்தில் எடுத்து, பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தால் வேலை கிடைத்தது.

நடந்ததைக் கேட்டு ஆளை எடைபோடும் இந்த வழக்கத்துக்கு, ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதிய கட்டுரை ஒரு முக்கியமான வேர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையினரிடம் அபிப்பிராயம் கேட்காமல், நடந்த சம்பவங்களைக் கேட்டுத் தொகுத்த அனுபவம் அதில் இருக்கிறது.

எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வருகிறது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. ஊருக்குள் முப்பது குடும்புகள், அதாவது வட்டாரங்கள். குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் முப்பத்தைந்து வயதாகியிருக்க வேண்டும், எழுபதைத் தாண்டக் கூடாது. வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடும் வேண்டும். எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வரக்கூடாது. அவனோடு விட்டார்களா? அவனுடைய சிற்றன்னை மகன், மாமன், மருமகன் என்று உறவுமுறை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்குகிறது அந்தக் கல். ‘இனி ஒழுங்காக இருப்பாயா’ என்ற கேள்வியே அதில் இல்லை. பழைய கணக்கு எங்கே என்பதுதான் கேள்வி.

மேல் மாடிப் பெண் ஒருத்தி என்னிடம் ஒப்பித்துக் காட்ட வந்தாள். கருத்து வேறுபாடு, உட்கார்ந்து பேசினோம், சுமுகமாக முடிந்தது. எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

“நிஜமா யாரோடயாவது சண்டை வந்துதாம்மா?”

“வந்துது மாமா. நான் போட்ட ரிப்போர்ட்டைத் தன் பேர்ல அனுப்பிட்டான். கேட்டேன், ஒத்துக்கலை. அடுத்த மாசத்துலேர்ந்து மேனேஜருக்கும் ஒரு காப்பி போட்டு நானே அனுப்ப ஆரம்பிச்சேன். ஆனா இதைச் சொல்ல முடியாதே, முடிவு நல்லா இல்லையே.”

அவளுடைய நிதானம், ரோஷம், கெட்டிக்காரத்தனம் மூன்றும் இதில்தான் இருக்கின்றன. ஒப்பித்த பதிலில் அவளே இல்லை.

ஐந்து வருடக் கேள்வி வேறு. நடக்காத ஒன்றுக்கு யாரால் சாட்சி சொல்ல முடியும்? வீட்டு லோன், அப்பாவின் உடம்பு, கல்யாணம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது. உத்திரமேரூர்க்காரர்கள் வாரியத்துக்கு ஒருவரை அமர்த்தியதே முந்நூற்று அறுபது நாளுக்குத்தான்.

இன்டர்வியூ எடுக்கும் நாற்காலியில் இருப்பவர்களே, அந்த ஐந்து வருடக் கேள்வியை விட்டுவிடுங்கள். சண்டையைப் பற்றிக் கேளுங்கள். சமாதானமாக முடியாத சண்டையைச் சொன்னாலும் மதிப்பெண் போடுங்கள்.