அலுத்துப் போன வேஷம்



எனக்குச் சின்னமனூர்ப் பக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் தெரு இளவட்டங்கள் போடும் 'வள்ளி திருமண'த்தில் நாலு வருஷமாக நான்தான் பபூன். அதே குட்டிக்கரணம், அதே ஜோக்கு. ஜனங்களுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. ஹாஸ்டலிலும் "டேய் பபூன்"தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னபோது, ரூம்மேட் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டான். அன்றே முடிவு செய்தேன், இனி வேஷமே வேண்டாம் என்று.

என் தாய்மாமா ஸ்பெஷல் நாடகத்தில் இருபது வருஷமாக நாரதர். "ஒரே வேஷம் அலுக்கலையா மாமா?" என்று கேட்டேன்.

"அலுக்காம இருக்குமா மாப்ளே? ஆனா எதுத்தாப்ல நிக்கிற வள்ளி தினம் வேற ஆளு. நம்ம வேஷத்தையே நெனச்சா அலுக்கும். எதிராளி பேச்சுக்குக் காது குடு, அலுக்காது."

உண்மைதான். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்களைத் தனித்தனியாகத்தான் புக் செய்வார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. தர்க்கமெல்லாம் அந்த நேரத்தில் பிறப்பது.

"எங்க செட்டுல எதிராளியும் மாற மாட்டானே மாமா?"

அப்போதுதான் சங்கரதாஸ் சுவாமிகள் கதையைச் சொன்னார். சுவாமிகள் (1867-1922) எமன், சனீஸ்வரன் வேஷங்களில் பேர் வாங்கியவர். ஒருநாள் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேஷம் கலைக்க நீர்த்துறைக்குப் போனாராம். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாம். அதோடு வேஷம் கட்டுவதை விட்டார் என்பார்கள். ஆனால் நாடகத்தை விடவில்லை. வாத்தியாராக இருந்து நாடகங்கள் எழுதினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பழக்கினார். நாங்கள் போடும் வள்ளி திருமணமே அவர் எழுதியதுதான்.

"வேஷத்தை விடு, மேடையை விடாதே. ஆனா ஆளைத் தயார் பண்ணிட்டு எறங்கு" என்றார் மாமா.

பக்கத்து வீட்டுப் பையனை ஒரு மாதம் பழக்கி, பபூன் குல்லாயை அவன் தலையில் வைத்தேன். இந்தச் சித்திரைக்கு நான் ஹார்மோனியம் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டேன். பையன் அடித்த ஜோக்குக்கு நாலு வருஷம் கழித்து நானே சிரித்தேன்!

ஹாஸ்டல் வேஷத்தைக் கலைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கு ஆள் மாற்ற முடியாதே! ரூம்மேட்டிடம், "அன்னிக்குச் சொன்னது தமாஷ் இல்லடா" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை என்னோடு பஸ் ஏறி, அப்பாவைப் பார்க்க வந்தான்.

தோழர்களே, உங்கள் பக்கத்திலும் ஒரு பபூன் இருப்பான். அவன் சொல்வதை ஒருமுறை சிரிக்காமல் கேட்டுப் பாருங்கள்.