அமெரிக்காவில் பேரன் பிறக்கப் போகிறானா?

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பெரியவர்களும் பெண்களும் படிக்கிற இடம். ஆனால் இங்கே நாக்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில். வருடத்துக்கு இரண்டு மூன்று அம்மாக்களாவது பிரசவ மருந்தையும் பருப்புப் பொடியையும் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் வரப்போகும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் யாரும் அவர்களிடம் சொல்லி அனுப்புவதில்லை. அதனால் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஆண் குழந்தை பிறந்தால், ஓரிரு நாளில் டிஸ்சார்ஜ் ஆவதற்குள், "சர்கம்சிஷன் செய்துவிடலாமா?" என்று பெற்றோரிடம் கேட்பார்கள். ஆண்குறியின் முன்தோலை வெட்டி எடுப்பது. நம் ஊரில் சுன்னத் என்ற பெயரில் தெரிந்ததுதான். யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அது மதக் கடமை. ஆனால் அமெரிக்காவில் மதக் காரணம் எதுவும் இல்லாத லட்சக்கணக்கான குடும்பங்களிலும் இது நடக்கிறது. வழக்கம், அவ்வளவுதான்.

என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வாட்ஸப்பில் கூப்பிட்டாள். பையன் என்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள் (இங்கே அப்படிச் சொன்னால் சட்டப்படி குற்றம், அங்கே இல்லை). "அண்ணா, ஒரு ஃபார்ம் குடுத்திருக்காங்க. அவர் பண்ணிடலாம்ங்கறார். எனக்கு மனசே வரல. நீ என்ன சொல்றே?"

மாப்பிள்ளை நல்ல மனிதர். அவர் கவலையும் நியாயமானதுதான். "இங்க எல்லாரும் பண்றாங்க அத்தான். நாளைக்கு ஸ்கூல்ல, ஜிம்ல பையன் தனியா தெரியக் கூடாது. இப்பவே பண்ணா அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது."

நான் பி.காம். டாக்டர் இல்லை. ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் போடும் கையெழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பது இருபது வருடமாக என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்துதான் என்னால் யோசிக்க முடிந்தது.

மைனர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்ற அப்பாவே ஆனாலும் அவர் இஷ்டத்துக்கு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. 1956ஆம் வருட இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8வது பிரிவு கோர்ட் அனுமதி கேட்கிறது. கோர்ட்டும் இரண்டே காரணத்துக்குத்தான் அனுமதி தரலாம்: ஒன்று, அவசியத் தேவை. இல்லையென்றால், மைனருக்குக் கண்கூடான நன்மை. இதை மீறி விற்றால், பையன் பதினெட்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் அந்த விற்பனையை ரத்து செய்ய வைக்கலாம்.

நான்கு சுவருக்கே இவ்வளவு காவல் என்றால், உடம்புக்கு? வெட்டியதை ரத்து செய்ய எந்தக் கோர்ட்டாலும் முடியாது. அதனால் அந்த இரண்டு கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்த்தேன். தேவையா? கண்கூடான நன்மையா?

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1870இல் லூயிஸ் சேயர் என்ற நியூயார்க் டாக்டர், கால் விளங்காத ஒரு சின்னப் பையனுக்கு முன்தோலை நீக்கியதும் அவன் குணமாகிவிட்டான் என்று எழுதினார். பிறகு எல்லா வியாதிக்கும் அதுவே மருந்து என்ற அலை. நாம் காலையில் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், பையன்களின் சுய இன்பப் பழக்கத்தை நிறுத்த மயக்க மருந்து கொடுக்காமல் இதைச் செய்யச் சொன்னார். வலி தண்டனையாக மனதில் நிற்குமாம்! இன்று எந்த டாக்டரும் இந்தக் காரணங்களைச் சொல்ல மாட்டார். காரணங்கள் போய்விட்டன, வழக்கம் நின்றுவிட்டது.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இது இருந்தது. 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயற்கை, அது வியாதியல்ல என்று எழுதினார். இந்தச் சிகிச்சையால் அங்கே வருடத்துக்குச் சுமார் 16 குழந்தைகள் இறப்பதையும் காட்டினார். அரசு மருத்துவத் திட்டமும் இதற்குப் பணம் கொடுக்கவில்லை. வழக்கம் சரிந்துவிட்டது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கொடுத்தது, வழக்கம் தங்கிவிட்டது. செய்தால் பில் உண்டு, செய்யாமல் விட்டால் இல்லை. லோனோடு பாலிசியும் சேர்த்துக் கொடுக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

சரி, நன்மையே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்தால் நான் நியாயமாக எழுதியவன் ஆகமாட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012இல், நன்மை ஆபத்தைவிட அதிகம் என்றே சொன்னது. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று சிபாரிசு செய்யும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும் என்று அதே அறிக்கையில் சொல்லிவிட்டது. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மறுத்தது. டச்சு மருத்துவர் சங்கம் 2010இல், சிகிச்சைத் தேவை இல்லாமல் சிறுவனுக்குச் செய்வது அவன் உரிமைக்கு விரோதம் என்றே சொன்னது.

அமெரிக்க அறிக்கையின் கணக்கைப் பார்ப்போம். முதல் வருடத்தில் வரும் சிறுநீர்த் தொற்று குறைகிறது. ஆனால் ஒரு குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கச் சுமார் 100 குழந்தைக்குச் செய்ய வேண்டும். அந்தத் தொற்று மருந்தில் குணமாகக் கூடியது. மறுபக்கம், சுமார் 500இல் ஒரு குழந்தைக்கு ரத்தக் கசிவு, சீழ் போன்ற சிக்கல். அடுத்த நன்மை எச்.ஐ.வி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2007இல் அதை ஏற்றது. ஆனால் அந்த ஆய்வுகளில் கத்தியின் கீழ் படுத்தவர்கள் வளர்ந்த ஆண்கள். விவரம் கேட்டு, தாங்களே சம்மதித்தவர்கள். அந்த நன்மை தேவைப்படும் வயதில் நம் பையனும் தானே முடிவு செய்யலாமே? தொட்டிலில் இருக்கும்போது என்ன அவசரம்?

சிறுநீரகக் குழாயில் பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குக் கணக்கு வேறு. அப்போது டாக்டர் சொன்னால் அது தேவை. கையெழுத்துப் போடத் தயங்கக் கூடாது.

மாப்பிள்ளை விடவில்லை. "அத்தான், நாமகூட கேக்காமத்தானே மொட்டை அடிச்சு காது குத்தறோம்? உங்க மடியிலதானே உக்கார வைக்கப் போறோம்?"

நல்ல அடி. தாய்மாமன் மடிக்கு எதிராக என்ன பேசுவது? முடி வளர்ந்துவிடும். காதில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. அதுவும் வலிதான், அதையும் கேட்காமல்தான் செய்கிறோம். அளவுதான் வித்தியாசம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் எங்கள் வழக்கில் அளவுதான் முக்கியம். பாக்கெட் மணியைச் செலவு செய்வதும் வீட்டை விற்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று. காது குத்து நம் சடங்கு. நாம் யார் என்பதில் சேர்த்தி. முஸ்லிம் நண்பர்களுக்கு சுன்னத்தும் அப்படித்தான், அவர்கள் தராசில் வேறு எடைக் கற்கள் உண்டு. 2012 மே மாதம் ஜெர்மனியில் கொலோன் கோர்ட் இதை உடற்காயம் என்று தீர்ப்பளித்தது. பெரிய விவாதம் கிளம்பி, அதே வருடம் டிசம்பரில் பாராளுமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்துச் சட்டம் போட்டது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எங்கள் வீட்டில் மதக் காரணமும் இல்லை, வியாதியும் இல்லை. மிச்சம் இருந்தது 'எல்லாரும் பண்றாங்க' மட்டும்.

எல்லாரும் பண்ணுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க அரசுக் கணக்கில், ஆஸ்பத்திரியில் பிறந்த பையன்களில் 1979இல் 64.5 சதவீதம், 2010இல் 58.3. மேற்கு மாநிலங்களில் 40 சதவீதம்தான். பையன் தனியாகத் தெரிய மாட்டான்.

'ஞாபகம் இருக்காது' என்பதற்கும் பதில் உண்டு. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள் வரை டாக்டர்களே பலர் நம்பினார்கள். இந்தூரில் மருத்துவம் படித்த டாக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் அதைத் தவறென்று காட்டியவர்களில் முக்கியமானவர். பத்து வருடம் கழித்து கனடாவில் ஓர் ஆய்வு. முன்தோல் நீக்கப்பட்ட குழந்தைகள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாக அழுதார்கள். மனதுக்கு ஞாபகமில்லை, உடம்புக்கு இருந்திருக்கிறது.

மாப்பிள்ளை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தங்கை சொன்னாள், "இப்ப வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டோம் அண்ணா. பெரியவன் ஆனதும் வேணும்னா அவனே பண்ணிக்கட்டும்னு சொல்லிட்டார்." பையனுக்கு இப்போது எட்டு மாதம்.

பிரசவம் பார்க்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. கேள்வி வரும் என்பதை ஏழாம் மாதத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லி, இருவரையும் பேசி வைக்கச் சொல்லுங்கள். பிரசவ வலி தீராத பெண்ணிடம் நீட்டும் காகிதத்தில் அவசரக் கையெழுத்து வேண்டாம். அவர்கள் செய்வதென்று முடிவு செய்தால் அது அவர்கள் உரிமை. வலி தெரியாமல் இருக்க ஊசி போடுவார்களா என்று மட்டும் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் தனிப் பராமரிப்பு எதுவும் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அந்தத் தோலைப் பின்னால் இழுத்துவிடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து இழுக்காதீர்கள். வருடங்கள் போகப் போக அது தானாகவே விடுபடும். சில பையன்களுக்கு வயதுக்கு வரும் வரைகூட ஆகும். பெரிய பையனுக்கு இறுக்கமாக இருந்தாலும் முதலில் களிம்பு தந்து பார்ப்பார்கள், கத்தி அப்புறம்தான்.

உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்திருந்தால், என்ன முடிவு எடுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். என் முடிவுக்கு மாறாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்து விமானம் ஏறும் அம்மாவுக்கு உதவும்.