தோளில் தொடங்கும் அளவு

பெண்ணுடை உடுத்த விரும்பும் ஆண்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எனக்கு எந்த சைஸ் வரும்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, “உங்கள் தோள் எத்தனை இஞ்ச்?” பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்காது. 40, 42 என்று எண்ணைச் சொல்லிச் சட்டை வாங்கிப் பழகியவர்களுக்குத் தோளைத் தனியே அளக்கும் தேவையே வந்திருக்காது. ஆண்களின் சட்டை ஆணின் தோளைக் கணக்கில் வைத்தே வெட்டப்படுகிறது. பெண்களின் குர்த்தியும் ஜாக்கெட்டும் வேறொரு தோளுக்கு வெட்டப்பட்டவை. எங்கள் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் பல ஆண்டுகளாகப் பெண்ணுடை உடுத்துகிறவன். அலுவலகத்திலும் தெருவிலும் ஆணாக இருக்கிறேன். வீட்டிலும் நம்பிக்கையான நண்பர்கள் நடுவிலும் புடவையோ சுடிதாரோ உடுத்துகிறேன். திருநங்கையரின் வாழ்க்கை வேறு, அவர்களுடைய போராட்டம் வேறு. ஆனால் இஞ்ச் டேப்பின் முன்னால் அவர்களில் பலருக்கும் எங்களுக்கும் சிக்கல் ஒன்றுதான். இதற்காகவே தையல் கற்றேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிய துணியைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கிறேன்.

கடையில் தொங்கும் குர்த்தியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன லேபிள் இருக்கும். நம் ஊர் வழக்கத்தில் எஸ் என்றால் 36, எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44. இது மார்புச் சுற்றளவு. சில கம்பெனிகள் உடம்பின் அளவைப் போடுகின்றன, சில கம்பெனிகள் துணியின் அளவைப் போடுகின்றன. எதுவாக இருந்தாலும் அந்த ஓர் எண்ணைக் கொண்டே தோள், கைக்குழி, கைச்சுற்று, இடுப்பு, பின்பக்கம் எல்லாவற்றையும் ஊகித்து வெட்டிவிடுகிறார்கள். 38 மார்புள்ள பெண்ணுக்குத் தோள் 14½ அல்லது 15 இஞ்ச் இருக்கும் என்பது அந்த ஊகம். அதே மார்புள்ள ஆணுக்குத் தோள் 17, 17½ வரும். லேபிள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கையைத் தூக்கினால் முதுகுத் துணி இழுத்துப் பிடிக்கும்.

இந்த ஊகம் பெண்களுக்கே சரியாக வந்ததில்லை. அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் அரசு ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்தார்கள். பிறகு 1958இல் அங்கே பெண்களின் உடைக்கு ஓர் அளவுத் தரம் வெளியானது. அதை எந்தக் கம்பெனியும் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியிருக்கவில்லை. 1983இல் அதைக் கைவிட்டார்கள். இந்தியாவில் இன்னும் தாமதம். ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்டும் மத்திய ஜவுளி அமைச்சகமும் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து நமக்கென்று ஓர் அட்டவணை உருவாக்கும் வேலையில் இறங்கியது அண்மைக் காலத்தில்தான். அதுவரை பல கம்பெனிகள் வெளிநாட்டு அட்டவணைகளைத் தம் விருப்பப்படி திருத்திக்கொண்டன. ஒரு கடையின் எல் இன்னொரு கடையின் எக்ஸ்எல் ஆவதற்குக் காரணம் இது. “என் உடம்புக்கு எதுவுமே பொருந்தவில்லை” என்று தலைகுனிந்து சொல்கிறவரிடம் நான் இதைத்தான் முதலில் விளக்குவேன். உங்கள் உடம்பில் குறை ஏதும் இல்லை. அந்த எண் உங்களைப் பார்த்துப் போடப்பட்டதல்ல.

அளவெடுக்க உட்காரும்போது ஒரு நோட்டு வேண்டும், துணி டேப் வேண்டும், நிலைக்கண்ணாடி வேண்டும். உள்ளே என்ன அணியப் போகிறோமோ அதை அணிந்துகொண்டே அளக்க வேண்டும். பேடு வைத்த பிரா அணிகிறவர் வெறும் மார்பில் எடுத்த அளவு தையலுக்கு உதவாது.

துணைக்கு ஆளில்லாமல் தோளை அளப்பது கடினம். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றை மேசைமேல் கவிழ்த்துப் போடுங்கள். முதுகுப் பக்கம் ஒரு கைத்தையலிலிருந்து மறு கைத்தையல் வரை எடுத்தால் அதுதான் தோள். அடுத்து மார்புச் சுற்று, மார்புக்குக் கீழ்ச் சுற்று, கையின் பருத்த இடம். இடுப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பேண்ட் நிற்கும் இடத்தை இடுப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பெண்ணுடையின் இடுப்பு அதைவிட மேலே. நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு மடிப்பு விழும். டேப் அங்கே சுற்ற வேண்டும். பின்பக்கத்தை அதன் பருத்த இடத்தில் எடுக்க வேண்டும். கடைசியாக, தோளின் உச்சியிலிருந்து அந்த இடுப்பு மடிப்பு வரை உள்ள உயரம். ஆண்களுக்கு இது பெரும்பாலும் நீளம். ரெடிமேட் குர்த்தியில் இடுப்பு வளைவு விலா எலும்பின் மேல் ஏறி நிற்பது இதனால்தான். அந்த ஓர் அளவைத் தெரிந்துகொண்டால் இடுப்பு வளைவே இல்லாத நேர்வெட்டு குர்த்தியை எடுத்து, நம் இடுப்பு இருக்கும் இடத்தில் நாமே பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: தோளுக்கு வாங்கு, இடுப்புக்குத் தை. எலும்பின் அகலத்தை எதுவும் குறைக்காது. துணியைப் பிடிப்பது எளிது; இல்லாத துணியைச் சேர்ப்பது கடினம். மார்பு 40, தோள் 17½, இடுப்பு 35 உள்ள ஒருவர் எல் எடுத்தால் தோளில் தோற்பார். டபுள் எக்ஸ்எல் எடுத்தால் தோள் ஓரளவு உட்காரும், இடுப்பில் துணி தொங்கும். அந்தத் தொங்கலைப் பக்கத் தையலில் பிடித்துவிடலாம். தெருமுனை ஆல்ட்ரேஷன் கடையிலேயே முடிந்துவிடும். பெரிய எண் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தைத்து முடித்த பிறகு லேபிளை வெட்டி எறிந்துவிடலாம். உடையைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது தோள் உட்கார்ந்திருக்கும் அழகுதான்.

தோளை ஏமாற்றாமல் உட்கார வைக்கும் வெட்டுகளும் உண்டு. தோள் முனையில் தையலே இல்லாத ராக்லான் கை, கஃப்தான், கையில்லாத குர்த்திமேல் துப்பட்டா ஆகியவை நம் தோளுக்கு இணக்கமானவை. பஃப் கை தோளை இன்னும் அகலமாக்கும். மார்புக்குக் கீழிருந்து விரியும் அனார்கலி, ஒடுங்கிய பின்பக்கத்துக்கு ஒரு சுற்றளவைக் கொடுத்துத் தோளோடு சமன் செய்யும். கழுத்து வி வடிவில் இறங்கினால் பார்வை நடுவே இறங்கும். படகு வடிவக் கழுத்து பார்வையைத் தோளின் இரு முனைகளுக்கும் இழுக்கும்.

டிரையல் ரூமுக்குள் போக முடியாதவர்கள் எங்களில் அதிகம். கடைக்காரர் பார்வையைத் தாங்குவது எல்லோராலும் முடியாது. அவர்களுக்குச் சட்டைப் பையில் ஒரு டேப் போதும். குர்த்தியைப் பலகைமேல் விரித்து, ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடி வரை அளந்து இரண்டால் பெருக்கினால் துணியின் மார்பளவு கிடைக்கும். உங்கள் மார்பளவைவிட அது மூன்று இஞ்ச் கூடுதலாக இருந்தால் பருத்தித் துணியில் தாராளமாக மூச்சு விடலாம். கூடவே தோளையும் அளந்துவிட்டால் போட்டுப் பார்க்காமலே பாதிக் கவலை தீரும்.

பிராவின் கணக்கு தனி. எண் மார்புக்குக் கீழ்ச் சுற்றைக் குறிக்கும், எழுத்து கப்பின் ஆழத்தைக் குறிக்கும். மேல் சுற்றுக்கும் கீழ்ச் சுற்றுக்கும் வித்தியாசம் ஓர் இஞ்ச் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. எங்களுக்குக் கீழ்ச் சுற்று பெரிது, 38, 40 வரும். கப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். அகன்ற மார்புக்கூட்டில் பி அல்லது சி போதும். 40 பி கிடைக்காத கடையில் 38 சி எடுத்துக் கொக்கி நீட்டிப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் கப்பின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

இந்தக் கைவேலையின் உச்சம் புடவை ஜாக்கெட். புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி யார் உடம்புக்கும் இணங்கும். ஆனால் ஆறடி உயரக்காரர் புடவையின் அகலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 46 இஞ்சுக்குக் குறைந்தால் கணுக்கால் தெரியும். ரெடிமேட் உள்பாவாடையும் உயரம் போதாது, தைத்துக்கொள்வதே நல்லது. புடவையின் இந்தத் தாராளம் ஜாக்கெட்டுக்குக் கிடையாது. அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது.

ஆணுக்கு ஜாக்கெட் வெட்டும்போது நான் முதலில் டாட் முனையை, அதாவது மார்பு வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்பு முடியும் இடத்தை, குறிப்பேன். பெண்ணுடம்பில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. எங்களுக்கு அது பேடு உட்காரும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே பிராவையும் பேடையும் சரியான உயரத்தில் நிறுத்திய பிறகே தோளிலிருந்து முனை வரையும், முனையிலிருந்து முனை வரையும் அளக்க வேண்டும். முனை ஓர் இஞ்ச் மேலே போனாலும் உடை முழுக்கப் பொய்யாகத் தெரியும். அடுத்து கைக்குழி. வழக்கமான 38 ஜாக்கெட்டின் கைக்குழியை அப்படியே வெட்டினால் அக்குளில் வெட்டும்; அடியில் அரை இஞ்ச் இறக்கி, கைச்சுற்றை எங்கள் புஜத்துக்கு ஏற்றபடி விட வேண்டும். கை முழங்கைக்கு மேல் இரண்டு இஞ்ச் வரை இறங்கினால் புஜத்தின் பருமன் அடங்கும். பக்கத் தையலில் உள்ளே ஓர் இஞ்ச் துணி விட்டுத் தைப்பேன். பிறகு பேடு மாறலாம், உடம்பு மாறலாம். பிரித்துவிட வழி இருக்க வேண்டும்.

வளையலும் செருப்பும் உடையோடு சேர்ந்தவையே. வளையல் கடையில் 2-4 என்றால் இரண்டே கால் இஞ்ச் விட்டம், 2-8 என்றால் இரண்டரை, 2-12 என்றால் இரண்டே முக்கால். ஆண் கைக்குப் பெரும்பாலும் 2-10க்கு மேல்தான். கட்டை விரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கிக் கைமுட்டியின் சுற்றை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் தெரியும். செருப்பில் இங்கே புழங்கும் யுகே எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. 8 அணிகிறவர் பெண்கள் பகுதியிலும் 8தான் தேட வேண்டும். அகலம் போதாமல் போகலாம் என்பதால் முன்பக்கம் திறந்த, பட்டை வைத்த செருப்பு நல்லது.

தையல்காரரிடம் எப்படிப் போவது என்பது அளவைவிடப் பெரிய கவலையாகப் பலருக்கு இருக்கிறது. எனக்கு முதல் ஜாக்கெட் தைத்துத் தந்த அக்கா, “அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா தம்பி? வீட்ல யாருக்கு?” என்றார். “எனக்குத்தான்க்கா” என்றேன். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நோட்டைத் திருப்பி, “கை எவ்வளவு இறக்கம் வேணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதையை நான் மறக்கவே மாட்டேன்.

நம் மண்ணின் தையல்காரர்களுக்கு ஆணுடம்பில் பெண்ணுடை புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடகக் குழுக்களில் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேடம் ஏற்றவர்கள் பையன்களே. டி.கே. சண்முகத்தின் பெயரோடு ஔவை சேர்ந்தது மேடையில் அவர் ஔவையாராக நடித்ததால். சிவாஜி கணேசனும் பெண் வேடத்தோடு தொடங்கியவர்தான். தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடுகிறவர் ஆண். குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெண் வேடம் கட்டும் ஆண்களை ஊரே பார்க்கிறது. கொல்லம் அருகே சவறாவில், கொட்டங்குளங்கரைக் கோயில் சமயவிளக்கில் மீன மாதம் ஆண்கள் புடவை உடுத்தி விளக்கேந்துகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் யாரோ ஒருவர் டேப் பிடித்து அளவெடுத்திருக்கிறார். வேண்டுதலுக்கும் மேடைக்கும் கிடைத்த அந்தப் பொறுமை, தன் வீட்டில் தனக்காக உடுத்துகிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

சரியான அளவில் உடுத்தியவர் துணியை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க மாட்டார். நிமிர்ந்து நிற்பார், கை வீசி நடப்பார், பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்பார். மேக்கப்பும் விக்கும் தராத நம்பிக்கையை உட்கார்ந்த தோள் தரும். அதனால்தான் புதிதாக வருகிறவரைப் பட்டுப் புடவை வாங்கச் சொல்லாமல் எளிய பருத்திக் குர்த்தி ஒன்றைத் தோளுக்கு வாங்கி இடுப்புக்குத் தைத்து, அதை உடுத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கச் சொல்கிறேன். குனியும்போதும் நிமிரும்போதும் எங்கே இழுக்கிறது, எங்கே தளர்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டால் அடுத்த உடைக்கு வேண்டிய அளவு முழுவதும் கையில் இருக்கும்.

உடை தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேபிளில் எக்ஸ்எல் என்பதோடு துணியின் தோளளவையும் மார்பளவையும் அச்சிடுங்கள். அதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. அகன்ற தோளுள்ள பெண்கள், விளையாட்டு வீராங்கனைகள், திருநங்கையர், எங்களைப் போன்றவர்கள் என எல்லோரும் டிரையல் ரூமுக்குப் போகாமலே தமக்கானதை எடுத்துக்கொண்டு வீடு திரும்ப அந்த இரண்டு எண்கள் போதும்.