ஐயாவின் காதும் தடம் புரண்ட பெட்டியும்

அப்பத்தா இறந்த பிறகு எங்க ஐயா போனில் பேசுவது இருபது நொடிதான். "சாப்பிட்டியா ஆத்தா? சரி, வைக்கிறேன்." (எங்க ஊர்ப் பக்கம் தாத்தாவை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம்.) சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்தி தட்டும் எனக்கும், அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாது.

போன பொங்கலுக்குக் கோட்டையூர் போனபோது என் பையில் ஒரு மாடல் ரயில் இருந்தது. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு. 'எச்.ஓ' என்பார்கள். ஓர் இன்ஜின், பழைய நீலநிற ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். எல்லாமே செகண்ட் ஹேண்ட். இன்ஜின் தனியாக நன்றாக ஓடும். பெட்டியை மாட்டினால் ஒரே வளைவில் கவிழும்.

கூடத்து ஆத்தங்குடித் தரையில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு சுற்றில் மூன்று முறை கவிழ்ந்தது. பெட்டி ஆடுகிறதே என்று அடியில் இருந்த இரண்டு போகி ஸ்குரூவையும் நன்றாக இறுக்கினேன். இன்னும் மோசம்.

ஈஸிசேரில் கண்ணை மூடியிருந்த ஐயா, "ஆத்தா, அதுல ஒரு சக்கரம் சரியில்ல. சத்தம் கேக்கலையா உனக்கு?" என்றார்.

ஐயா ரயில்வேயில், மதுரைக் கோட்டத்தில் கேரேஜ் அண்ட் வேகன் பிட்டராக இருந்தவர். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே ஓரமாக நின்று, சக்கரம் உருளும் சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிப்பார். அந்த வேலையைப் பற்றி நான் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

எழுந்து வந்து தண்டவாளத்தைப் பார்த்ததுமே, "இது நம்ம அகலம் இல்லையே" என்றார். உண்மைதான். நம் பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். அது வெளிநாடுகளின் 1435 மில்லிமீட்டர் பாதைக்காக வந்த அளவு.

"ரெண்டு சக்கரத்துக்கும் உள்பக்க இடைவெளி அளந்தியா? மீட்டர்கேஜ்ல 930, பிராட்கேஜ்ல 1600. அது மாறுனா வண்டி தடத்துல நிக்காது."

எச்.ஓ.வில் அந்த இடைவெளி ஏறக்குறைய 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தெருமுனை லேத் பட்டறையில் வெர்னியர் இரவல் வாங்கி அளந்தோம். நான்கு ஜோடியில் மூன்று சரி. ஒன்று மட்டும் 14-க்கும் கீழே. சக்கரத்தை அச்சில் லேசாகத் திருகி வெளியே இழுத்தேன், சரியானது. மற்ற சக்கரங்களில் ஒட்டியிருந்த கறுப்பு அழுக்கை ஐயா வேட்டி நுனியால் துடைத்தார்.

அடுத்து, நான் இறுக்கிய ஸ்குரூ. ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இம்புட்டு முடுக்குனா வளைவுல எப்புடித் திரும்பும்? நெசப் பெட்டிய போகி மேல உக்காத்தித்தான் வச்சிருக்கும்." ஐ.சி.எஃப். பெட்டியின் பாரம் போகியின் இரு பக்கத் தாங்கிகளில் இறங்குகிறது. நடுவில் இருக்கும் பிவட் பாரம் சுமப்பதில்லை. போகி அதைச் சுற்றித் திரும்பும், இழுவிசை அதன் வழியாகப் போகும்.

மாடலுக்கு ஒரு சூத்திரம் படித்திருந்தேன். இரண்டு போகியும் வளைவில் திரும்ப வேண்டும். ஆனால், ஒன்று முன்னும் பின்னும் மட்டும் சாயலாம். மற்றது பக்கவாட்டிலும் சாய வேண்டும். சொன்னதும், "அப்ப முக்காலி மாதிரி" என்றார். அதேதான். மேடுபள்ளத்தில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. ஒரு ஸ்குரூவைக் கொஞ்சமும் மற்றதை நன்றாகவும் தளர்த்தினோம்.

கடைசியாக எடை. 10 அங்குலப் பெட்டிக்குச் சுமார் 170 கிராம் என்பது அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரை. மளிகைக் கடைத் தராசில் எங்கள் பெட்டி 110 கிராம்தான். கடைகளில் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயங்கள் ஐயாவின் டப்பாவில் சேர்ந்து கிடந்தன. ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். எட்டு நாணயங்களை, பக்கத்துக்கு நான்காக, பெட்டியின் தரையோடு ஒட்டினோம். பாரம் தாழ்வாக இருந்தால்தான் வண்டி சாயாது.

அன்று இரவு பெட்டி நாற்பது சுற்று கவிழாமல் ஓடியது. எண்ணியவர் ஐயா. எண்ணிக்கொண்டே பேசினார். மழையில் சுத்தியலும் டார்ச்சுமாக வண்டி நெடுக நடந்தது, நைட் டூட்டிக்கு அப்பத்தா தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்பியது. அப்பத்தா போன பிறகு, அவர் பேச்சை ஐயா தானாக எடுத்தது அன்றுதான்.

ரயிலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் ஐயாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஒன்றரை நிமிடம். பெரும்பாலும் பெட்டி உருளும் சத்தம்தான். முடிவில் அவர் குரல்: "மூணாவது சக்கரம் லேசா சத்தம் குடுக்குது ஆத்தா. நீ வரும்போது பாப்போம்."

அடுத்த வெள்ளிக்கிழமை இரவுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.